பீரோவில் வைத்த மருந்து

“அத இங்க குடு” என்று ஆதிலட்சுமி கையை நீட்டினாள்.

ஆர்த்தி இன்ஹேலரை முந்தானைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “அத்தை, இது எப்பவும் கையிலயே இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

“ஒரு மணி நேரந்தான். பொண்ணு பாக்க வர்றவங்க முன்னாடி அத வாயில வச்சி உறிஞ்சினா, இழுப்புக்காரி இருக்கற வூடுன்னு பேராயிடும். கீர்த்தனாவுக்கு இது மூணாவது எடம்.”

ஆர்த்தி கணவனைப் பார்த்தாள். விமல்ராஜ் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே, “குடுத்துடேன். பீரோவுலதான வைக்கப் போறாங்க” என்றான்.

கொடுத்தாள். பீரோ பூட்டும் சத்தம் கேட்டது. சாவி ஆதிலட்சுமியின் இடுப்பில் ஏறியது.

ஆர்த்திக்குப் பள்ளி நாளிலிருந்தே ஆஸ்துமா. அதைச் சொல்லித்தான் கல்யாணம் நடந்தது. வேங்கிக்காலில் இந்த வீட்டுக்குக் குடிவந்த ஒரு வருடத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்துப் படுத்தாள். எதனால் மூச்சு முட்டுகிறது என்று கவனித்து எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். கொசுவத்தி, ஊதுபத்தி, மிளகாய் நெடி, அடைத்த அறை, எல்லாவற்றுக்கும் மேலாகச் சாம்பிராணி என்று அவள் எழுதினாள். “சாமிக்குப் போடற புகை ஒருத்திக்கு ஆகாதுன்னா, கோளாறு மனசுல” என்றாள் ஆதிலட்சுமி. தினமும் இரண்டு வேளை இழுக்க வேண்டிய தடுப்பு மருந்து வேறு இருந்தது. நான்கு நாளாக வீடு நிறைய உறவினர்கள். அவர்கள் கண்ணில் படக்கூடாது என்ற உத்தரவால் அதுவும் பாதி வேளை தவறியிருந்தது.

அன்று காலை நல்ல காரியம் என்று அறை அறையாகச் சாம்பிராணி போட்டார்கள். ஆர்த்தியைப் பின்னறையில் இருக்கச் சொன்னார்கள். ஜன்னலையும் சாத்தியிருந்தார்கள்.

ஆரணியிலிருந்து சக்கரபாணியும் மனைவியும் மகனோடு வந்து இறங்கினார்கள். கீர்த்தனா பட்டுப்புடவையில் காப்பித் தட்டோடு வந்து குனிந்தாள். அப்போது பின்னறையிலிருந்து விசில் போல ஒரு சத்தம் வந்தது. சக்கரபாணியின் மனைவி திரும்பிப் பார்த்தாள்.

கதவு திறந்தது. ஆர்த்தி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. கழுத்துக் குழி உள்வாங்கியது.

“பீ... ரோ...” என்றாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

“சளி ஜாஸ்தியாயிடுச்சி, வேற ஒண்ணுமில்ல” என்று ஆதிலட்சுமி விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தாள்.

கீர்த்தனா தட்டைத் தரையில் வைத்தாள். “சாவி குடும்மா.”

“அப்புறம் பாத்துக்கலாம், நீ உக்காரு.”

கீர்த்தனா தாயின் இடுப்பிலிருந்த சாவியைத் தானே உருவிக்கொண்டு ஓடினாள். மருந்தைக் கொண்டுவந்து, மாப்பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலியில் அண்ணியை நிமிர்த்தி உட்காரவைத்தாள். ஒரு முறை அழுத்தினாள். பிறகு இன்னொரு முறை. ஆறு முறை ஆகியும் ஆர்த்தியின் நீலம் பாரித்த உதடு நிறம் திரும்பவில்லை.

“அண்ணா, இன்னா பாத்துக்கினு நிக்கற? வண்டிய எடு.”

விமல்ராஜ் அப்போதுதான் அசைந்தான்.

விமல்ராஜும் கீர்த்தனாவும் ஆர்த்தியைத் தூக்கிக்கொண்டு போனபின், சக்கரபாணியின் மனைவி மெல்லக் கேட்டாள். “பொண்ணுக்கும் இது உண்டா?”

“ஐயோ, எங்க ரத்தத்துலயே கெடையாதுங்க. அது மருமக பக்கத்துச் சீக்கு” என்றாள் ஆதிலட்சுமி.

மூன்றாம் நாள் ஆர்த்தி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினாள். அதற்குள் ஆரணியிலிருந்து பதில் வந்திருந்தது. பெண் பிடித்திருக்கிறது, கல்யாண மேடைப் பக்கம் அந்த மருமகள் மட்டும் வரவேண்டாம். ஆதிலட்சுமிக்கு முகம் மலர்ந்திருந்தது.

“கல்யாணம் முடியறவரைக்கும் போளூர்ல உங்கம்மா வூட்ல இரு. கேக்கறவங்களுக்கு நான் எதனா சொல்லிக்கறேன்” என்றாள்.

ஆர்த்தி பதில் சொல்லுமுன் கீர்த்தனா அடுக்களையிலிருந்து வந்தாள். “அண்ணி எங்கயும் போக வேணாம். ஆரணிக்கு நான் போன் பண்ணிட்டேன். எனக்கும் இழுப்பு இருந்துச்சுன்னு சொல்லிட்டேன்.”

“இன்னாடி பொய் இது?”

“பொய்யா? ஏழு வயசு வரைக்கும் யாரத் தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடின? வெளிய சொல்லாத, உனக்கு மாப்ள கெடைக்காதுன்னு எங்கிட்டயே சத்தியம் வாங்கினியே.”

ஆதிலட்சுமி போய் வாசற்கதவைச் சாத்தினாள்.

“அவங்க இன்னா சொன்னாங்க?” என்று திரும்பி வந்து கேட்டாள்.

“யோசிச்சு சொல்றாங்களாம். நானும் யோசிக்கறேன்னு சொல்லிட்டேன்.”

ஆர்த்தி எழுந்து வாசற்கதவை விரியத் திறந்தாள். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுப் பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஆர்த்தி நாற்காலியை வாசலுக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலை வேளை மருந்தை வாயில் வைத்து, நிதானமாக உள்ளே இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை நிறுத்தினாள். எதிர்வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள்.