விழக் கற்றுக்கொடுத்தவள்

ஐஸ் அரங்கத்தின் ஷூ கவுண்டரில் இருப்பவளுக்குக் காலையில் முதல் வேலை, முந்தின நாள் வாடகைக்குப் போய்வந்த ஷூக்களுக்குள் விரல் விட்டுப் பார்ப்பது. ஈரமாக இருந்தால் காற்றடிக்கும் குழாயில் மாட்டுவாள். அடியிலுள்ள இரும்புத் தகட்டைத் துணியால் துடைத்து, இரண்டு லேஸையும் சேர்த்து முடிந்து, அளவுப்படி அடுக்குவாள். ஆறு வருஷமாக இதே வேலை. ஒரு நாள்கூட ஐஸில் கால் வைத்ததில்லை.

கதவு திறப்பதற்கு முன்னால் அரங்கத்தில் இன்னொருத்தி மட்டும் இருப்பாள். போட்டிகளில் பதக்கம் வாங்குகிறவள். எல்லோருக்கும் அவள் சாம்பியன். இருபத்திரண்டு வயது. ஒருநாள் பயிற்சி முடிந்து கவுண்டரில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"அக்கா, நீங்க ஐஸ்ல நின்னே பாத்ததில்லையா?"

"எனக்கெதுக்கும்மா? விழுந்து இடுப்பு போச்சுன்னா யாரு பாக்குறது?"

"முதல்ல விழத்தான் சொல்லித் தருவேன். வாங்க."

நிஜமாகவே முதல் வாரம் முழுக்க விழத்தான் கற்றுக்கொடுத்தாள். முட்டியை மடக்கி, பக்கவாட்டில் சாய்ந்து, விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு விழ வேண்டும். விரித்து வைத்தால் பின்னால் வருகிறவரின் தகடு ஏறிவிடும். அடுத்த வாரம் இவள் சுவரோரக் கைப்பிடியை விட்டாள். "தரையைப் பாக்காதீங்க. ஐஸ் எங்கயும் ஓடிப்போகாது," என்று சாம்பியன் இரண்டு விரலால் அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டு கூடவே வந்தாள். பஸ்ஸைத் துரத்தவும் மாடிப்படி ஏறவும் மட்டுமே பழகிய கால்கள் ஒரு அடி எடுத்து வைக்காமலே பத்தடி போனபோது, முப்பத்தாறு வயதுக்காரி வாய்விட்டுச் சிரித்தாள்.

"இது நமக்குள்ள இருக்கட்டும்க்கா," என்றாள் சாம்பியன். "மேனேஜருக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடுவாரு."

அதனால் இவள் நெட்டையிடம்கூடச் சொல்லவில்லை. நெட்டை என்பது குழந்தைகளுக்கு ஆரம்ப வகுப்பு எடுப்பவளுக்கு எல்லோரும் வைத்த பெயர். அவளே போனில் "நெட்டை பேசுறேன்" என்பாள். இந்த வேலையை வாங்கித் தந்ததும் அவள்தான். மதியம் இருவருக்கும் ஒரே டப்பாவில் சாப்பாடு. போன வருஷம் ஒரு குழந்தை மேலே விழுந்து நெட்டையின் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டிருந்த இரண்டு மாதமும் சம்பளம் இல்லை. அதிலிருந்து அவளும் மற்ற இரண்டு பயிற்சியாளர்களும், ஐஸில் அடிபட்டால் வைத்தியத்தை நிர்வாகம்தான் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒருநாள் சாப்பிடும்போது நெட்டை அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். முழங்கைக்குக் கீழே கன்றிப்போயிருந்தது.

"என்னடி இது? வீட்டுக்காரன் கை வச்சானா? உள்ளதைச் சொல்லு."

"சேச்சே. குளிக்கிற இடத்துல வழுக்கிட்டேன்."

நெட்டை தன் பையிலிருந்து களிம்பை எடுத்துத் தானே தடவிவிட்டாள். இவள் மீதிச் சாப்பாட்டை அவள் பக்கம் தள்ளினாள்.

வீட்டுக்காரனுக்கு மட்டும் விஷயம் தெரியும். "தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதுதான்," என்றான். "எதுக்குக் குடுக்குறாங்கன்னாவது பாக்கலாமில்ல?"

"உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். அந்தப் பொண்ணு மனசு தங்கம்."

நாலாவது மாதம் இவளுக்குப் பின்னோக்கிப் போக வந்தது, ஒற்றைக் காலில் திரும்ப வந்தது. சாம்பியன் புது விளையாட்டு ஒன்று ஆரம்பித்தாள். "இப்ப நான் அஞ்சு வயசுப் பிள்ளை. எனக்கு நீங்க சொல்லிக்குடுங்க." தொப்பென்று உட்கார்ந்து பொய்யழுகை அழுதாள். இவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவளை முட்டி போடவைத்து, ஒவ்வொரு காலாக ஊன்றி எழுப்பிவிட்டாள். சுவரோரம் சாம்பியனின் போன் படம் பிடித்துக்கொண்டிருந்தது. "ஞாபகத்துக்குக்கா," என்றாள் அவள்.

அந்த வாரம், சனிக்கிழமைக்குள் மனுவுக்குப் பதில் வராவிட்டால் ஐஸில் இறங்க மாட்டோம் என்று மூன்று பயிற்சியாளர்களும் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை காலை மேனேஜர் இவளைக் கூப்பிட்டார். மேசைமேல் அவர் போனில் இவள் படம் ஓடிக்கொண்டிருந்தது. முட்டி போடவைக்கிறாள், எழுப்புகிறாள்.

"நாலு மாசத்துல தயார் பண்ணிடறேன்னு சொன்னாங்க. சொன்னபடி பண்ணிட்டாங்க," என்றார். "அந்த மூணு பேரையும் நிறுத்தியாச்சு. பத்து மணி வகுப்பு இனி உங்களுது. கவுண்டரையும் பாத்துக்கங்க. சம்பளம் இப்போதைக்கு அதேதான்."

"அவங்க வேலை எனக்கு வேணாம் சார்."

"அப்ப கவுண்டருக்கும் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

சாம்பியன் பெஞ்சில் உட்கார்ந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். இவள் எதிரே போய் நின்றாள்.

"மேனேஜருக்குத் தெரிஞ்சா வெளிய அனுப்பிடுவாருன்னியே?"

அவள் தலை நிமிரவில்லை. "இங்க ஒரு மணி நேரத்துக்கு ஐஸ் வாடகை என்னன்னு தெரியுமாக்கா? எங்கப்பா லாரி ஓட்டுறாரு. ஒரு ஆளைத் தயார் பண்ணிக் குடுத்தா, வருஷம் முழுக்க எனக்கு வாடகை வேணாம்னு மேனேஜர் சொன்னாரு."

"அந்த ஆளு நானா?"

"உங்களுக்கும் நல்லதுதானேன்னு நினைச்சேன்." முடிச்சை இழுத்து இறுக்கினாள். "நீங்க நல்லாப் பண்றீங்க. அது பொய்யில்லக்கா."

எழுந்து ஐஸில் இறங்கி, இரண்டே உந்தலில் மறுகோடிக்குப் போய்விட்டாள்.

பத்து மணிக்கு இவள் ஸ்கேட் ஷூவோடு கவுண்டரில் நின்றிருந்தாள். நெட்டை துணிப்பையோடு வந்து லாக்கர் சாவியையும் ஒரு சீட்டையும் வைத்தாள்.

"சாவியை வாங்கிக்கிட்டதா கையெழுத்துப் போடு. இல்லன்னா பாக்கிச் சம்பளம் வராதாம்."

குனிந்து கையெழுத்துப் போட்டாள். நிமிர்ந்தபோது நெட்டை அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை மாசமா?"

"நாலு. நெட்டை, எனக்கு நிஜமாவே தெரியாதுடி..."

நெட்டை சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். "பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கு. போ," என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

இவளால் போக முடியவில்லை. ஷூ வாங்க ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். முதலில் நின்ற பெண் நாற்காலியில் உட்கார்ந்து, போனைப் பார்த்தபடியே காலை நீட்டினாள். இவள் ஸ்கேட் ஷூவோடு அவள் முன்னால் மண்டியிட்டு லேஸைக் கோர்க்கத் தொடங்கினாள். பின்னால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஐந்தாறு குழந்தைகள் கைப்பிடியில் தொங்கியபடி, எப்படி நிற்பதென்று யாராவது வந்து சொல்வார்கள் என்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.