தடவக் கூடாத கை

வாரத்தில் இரண்டு நாள் முருகவேல் வெள்ளனே எழுந்து மகாராணியின் கடைக்குப் போய்வந்தான். பால் வாங்கத்தான் போகிறான் என்று சொல்லிக்கொண்டாலும், பல நாள் பாலை மறந்துவிட்டு வருவான்.

கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஒருநாள் அவன் மனைவி சுகன்யா பின்னாலேயே போய்ப் பார்த்தாள். கடையின் பின்கதவு திறந்தது. முருகவேல் ஸ்வெட்டர் கையை அவசரமாக இறக்கிவிட்டபடி வெளியே வந்தான். அவனுக்குப் பின்னால் மகாராணி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மகாராணி நாற்பது தாண்டிய விதவை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வில்பட்டி பஸ் நிற்கும் இடத்தில் பால், சோடா, பன் விற்பவள்.

"அந்தக் கடைக்காரிகிட்ட இவருக்கு என்னத்த சோலி?" என்று சுகன்யா மாமியார் பொன்னுத்தாயிடம் ஜாடையாகக் கேட்டாள்.

"அவ நல்லவ, தாயி" என்று சொல்லிவிட்டு மாமியார் அடுப்பை ஊதப் போனாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

ஆக, இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் தெரியவில்லை. அவன் தொடையிலும் தோளிலும் அடிக்கடி தெரிந்த நீலத் தடங்களைக் கேட்டால், "மூட்டை இடிச்சிருச்சு" என்பான். சந்தேகமும் பூண்டு மாதிரிதான். ஒரு பல்லை ஊன்றிவிட்டால் போதும், மண்ணுக்குள் அது பாட்டுக்குத் திரண்டுகொண்டே இருக்கும்.

பொன்னுத்தாய் பழனி முருகனைக் கும்பிடப் போயிருந்த அன்று பூண்டு மூட்டை ஏற்றினார்கள். வண்டியின் பின்கதவு நழுவி முருகவேலின் இடது முன்கையில் விழுந்தது. தோல் கிழியவில்லை, ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை. அவன் முகம் மட்டும் வெளுத்துப்போனது.

"கடைக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்றான்.

"கையில அடிபட்டவன் ஆஸ்பத்திரிக்குப் போவான். கடைக்கு எதுக்கு? அவ ஊதிவிட்டா வலி போயிருமா?" என்று சுகன்யா வாசலை மறித்தாள்.

மூட்டை தூக்க வந்த ஆட்கள் தலையைக் குனிந்து சிரித்தார்கள். முருகவேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

சுகன்யா சுளுக்குத் தடவும் ராமரைக் கூட்டிவரச் சொன்னாள். ராமர் பிறக்கும்போது தலைக்கு முன்னே கால் வந்ததாம். அப்படிப் பிறந்தவர் காலால் தடவினால் சுளுக்கு ஓடிப்போகும் என்பது அந்த ஊர் வழக்கம். காசு வாங்கமாட்டார். அவர் கால் வைக்க வந்தால் வேண்டாம் என்பது சாமி பிரசாதத்தைத் தட்டிவிடுவது போல.

"தடவ வேணாம்ணே. அம்மா வந்துரட்டும்" என்றான் முருகவேல்.

"ஏலே, உங்கம்மா சுளுக்குக்கே என் காலுதான். புதுப் பொண்டாட்டி முன்னால அழுதுறாத" என்று ராமர் சிரித்துக்கொண்டே குதிகாலில் நல்லெண்ணெய் பூசினார். மூன்று முறை அழுத்தி வழித்தார்.

எண்ணெய் காய்வதற்குள் கை ரொட்டி மாவு போல உப்பியது. தோல் பளபளத்து இறுகியது. விரல்கள் தாமாகவே உள்ளே சுருண்டன. சுகன்யா ஒரு விரலை நிமிர்த்தப் பார்த்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான்.

ராமரின் சிரிப்பு நின்றது. "இது சுளுக்கு இல்ல, தாயி" என்றார்.

அந்த நேரம் பார்த்து மகாராணி வந்தாள். மூட்டை தூக்கியவர்கள் டீ குடிக்கப் போன இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். முந்தானைக்குள் ஒரு சின்ன ஐஸ் பெட்டி.

"என்னது அது? என்ன மருந்து வச்சு அவர மயக்கி வச்சிருக்கே?"

"என்னய ஏசணும்னா ஏசு, புள்ள. பொறகு நல்லா ஏசு. இப்ப வழிய விடு."

சுகன்யா பெட்டியைப் பிடுங்கித் திறந்தாள். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே சின்னச் சின்ன மருந்துக் குப்பிகள். எதைப் பார்ப்போம் என்று நினைத்தாளோ அது இல்லை.

"இவனுக்குப் பொறப்புலயே ரத்தம் உறையாது" என்றாள் மகாராணி. "வெளிய வராத ரத்தம் உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கு. அது நெரிச்சு நரம்பு செத்துட்டா கை போயிரும். இது கவர்மெண்டு குடுக்குற மருந்து, குளுமையில இருக்கணும். இந்தக் குளிருல உங்க வீட்டுல ஏது ஃப்ரிட்ஜு? அவனே ஊசி போட்டுக்குவான். நான் கைய இறுக்கிப் பிடிப்பேன். அவ்வளவுதான்."

சுகன்யா புருஷனைப் பார்த்தாள். அவன் வலது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ரெண்டு எடத்துல கல்யாணம் நின்னுபோச்சு" என்றான். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா முருகன் மேல சத்தியம் வாங்கிருச்சு."

கோபப்பட நிறைய இருந்தது. அதற்கு நேரம்தான் இல்லை. "அக்கா, நீங்களும் வண்டியில ஏறுங்க" என்றாள்.

ராமரே ஓட்டினார். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம், "முருகா, என் காலை எடுத்துக்க, அவன் கையை விட்டுரு" என்று முணுமுணுத்தார். சுகன்யாவும் மகாராணியும் ஆளுக்கொரு பக்கம் அந்தக் கையைத் தலையணை மேல் ஏந்திக்கொண்டார்கள்.

கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் அந்த மருந்தைத்தான் ஏற்றினார். பிறகு சுகன்யாவை அழைத்து நகத்தை அழுத்தச் சொன்னார். விட்டதும் வெளுப்பு மாறிச் சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிவக்காவிட்டால் கத்தி வைக்க வேண்டியிருக்கும்.

அழுத்தித் தடவச் சொல்லி ஆள் கூப்பிட்டவள், பூவைத் தொடுவது போல ஒவ்வொரு நகமாக அழுத்தினாள். சிவப்பு மெதுவாக வந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் வந்தது.

மறுநாள் கட்டைவிரலும் அடுத்த இரண்டும் அசைந்தன. கடைசி இரண்டும் சுருண்டபடியே கிடந்தன. "கொஞ்சம் முந்தி வந்திருந்தா…" என்று டாக்டர் நிறுத்திக்கொண்டார். ராமர் உள்ளே வராமல் வெளியே குத்தவைத்திருந்தார். சுகன்யா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க தெரிஞ்சு செய்யலண்ணே. நானும்தான்."

பொன்னுத்தாய் பழனியிலிருந்து போனில் அழுதாள். "ஊருக்குத் தெரிய வேணாம், தாயி. வண்டி இடிச்சதுன்னு மட்டும் சொல்லு."

"இல்லத்தே, எல்லார்கிட்டயும் சொல்லத்தான் போறேன். சொல்லலைன்னா அடுத்த தடவையும் யாராவது அன்பா வந்து தடவிருவாங்க."

மறுமுனையில் மூக்கைச் சிந்தும் சத்தம். பிறகு மாமியார் கேட்டாள்.

"மூணு விரலாச்சும் நல்லா மடங்குதா?"

"இருங்க, பார்த்துச் சொல்றேன்" என்று சுகன்யா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தன் ஒரு விரலை அவன் உள்ளங்கையில் வைத்துப் பிடிக்கச் சொன்னாள்.