கப்பல்கொடி உருமால்களும் கமருன்னிஸாவின் வீடும்

நில உச்சவரம்பைக் குறைத்துப் புதுச் சட்டம் வந்த வருஷம், ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், கமருன்னிஸாவின் வீடு கிணற்றைவிட்டு ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது. வாளியால்தான் அவளுக்கு அது தெரிந்தது. அடுப்படி வாசற்படியில் நின்றபடியே கையை நீட்டிக் கிணற்றுச் சுவர்மேல் இருக்கும் வாளியின் காதைப் பிடித்துவிடுவது அவள் வழக்கம். அன்று விரல் நுனிகூடப் படவில்லை. யாரோ வாளியை நகர்த்திவிட்டார்கள் என்று நினைத்து இந்தப் பக்கமாக இழுத்து வைத்தாள். அடுத்த வாரம் கிணற்றுச் சுவரே எட்டவில்லை. படியிறங்கி ஈர மண்ணில் கால் வைத்துத்தான் தண்ணீர் எடுக்க வேண்டியிருந்தது. வீடு ஏன் போகிறது, எங்கே போகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

கீழ்வேளூருக்குக் கிழக்கே இருக்கும் மரைக்கான்வெளியில் வீடுகள் நகர்ந்ததாக முன்பு யாரும் கேள்விப்பட்டதில்லை. கணக்குப்பிள்ளை இராஜாங்கம் அளவுச் சங்கிலியோடு வந்தார். எல்லைக் கல்லிலிருந்து கிணற்றுக்கும், கிணற்றிலிருந்து வீட்டுக்கும் அளந்து பார்த்துவிட்டு, "கெணறு கெணத்து எடத்துலதான் இருக்கு. வீடுதான் போயிருக்கு" என்றார். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய அந்த ஓட்டு வீட்டில் ஒரு விரிசல் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கு ஆடவில்லை, அடுப்பில் வைத்த பால் தளும்பவில்லை. வாரம் ஒரு சாண், கிழக்கே, அவ்வளவுதான். இராஜாங்கம் அதைக் கணக்கில் ஏற்றினார். இரண்டாம் மாதம் பேனாவை விட்டுப் பென்சிலுக்கு மாறினார்.

கமருன்னிஸாவின் கணவர் மீரா உசேன் பினாங்கில் ஜவுளிக்கடையில் இருந்தார். மகளைக் காரைக்காலில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் அவளும் அவளுடைய உருமால்களும் மட்டும்தான். கழுத்தைச் சுற்றிப் போடும் சதுரமான பட்டு உருமால்கள், பாரிஸில் அச்சானவை, எல்லாவற்றிலும் கப்பல்கொடிகள். பினாங்கை விட்டு ஊர் திரும்பிய வெள்ளைக்காரச் சீமாட்டிகள் பழைய சாமான் கடைகளில் போட்டுவிட்டுப் போனவற்றை, அவள் சொல்லச் சொல்ல மீரா உசேன் தேடி அனுப்பினார். நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது.

அவை எப்படி உண்டாகின்றன என்று தெரிந்தால்தான் அந்த ஆசை புரியும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மரச்சட்டம். சட்டத்தில் இறுக்கிக் கட்டிய மெல்லிய துணியில், அந்த நிறம் விழவேண்டிய இடம் மட்டும் திறந்திருக்கும். மற்ற இடமெல்லாம் அடைத்திருக்கும். பட்டின்மேல் ஒரு சட்டத்தை வைத்துச் சாயத்தை இழுத்து, காய்ந்ததும் அடுத்த சட்டத்தை வைப்பார்கள். ஒரு சட்டம் மயிரிழை விலகினாலும் நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்துவிடும். கீற்று தெரிந்தால் அது போலி. ஓரத்தை முகப்புப் பக்கமாகச் சுருட்டிக் கையால் தைத்திருப்பார்கள். மிஷின் தையல் தட்டையாகப் படுத்துவிடும். கைத்தையல் பச்சை மிளகாய்க் காம்பு மாதிரி குண்டாக எழுந்து நிற்கும். கமருன்னிஸா கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தை விரலால் உருட்டியே இரண்டாம் உலகப் போருக்கு முந்தியதா பிந்தியதா என்று சொல்லுவாள்.

அவளை மச்சி என்று கூப்பிடும் கொழுந்தன் காதர் மைதீன் சரக்குக் கப்பலில் பரிமாறும் வேலையில் இருந்தான். அவன் மனைவி ஷம்சாத்துக்கு, கமருன்னிஸாவின் வீட்டுக்குக் கிழக்கே ஒரு வயல் தாண்டி வீடு. ஷம்சாத்திடம் இருந்தவை ஏழே உருமால்கள். அதில் இரண்டு போலி என்பது கமருன்னிஸாவுக்குப் பார்த்ததும் தெரியும். ஆனால் நாகூரில் ஒரு கல்யாணத்துக்கு ஷம்சாத் மஞ்சளும் சிவப்புமாகச் சாய்கோடு போட்ட உருமாலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது, பெண்கள் சூழ்ந்துகொண்டு, "யாரு வாங்கித் தந்தது?" என்று கேட்டார்கள். ஷம்சாத் தலையைக் குனிந்துகொண்டு, "அவங்கதான்" என்றாள். பக்கத்தில் அதைவிட நான்கு மடங்கு விலை பெறும் உருமாலோடு உட்கார்ந்திருந்த கமருன்னிஸாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் சொல்லி வரவழைத்தது என்பது ஊருக்கே தெரியும். வாளி எட்டாமல் போனது அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த வாரம்.

தலைப்பிரசவத்துக்காக ஷம்சாத் உருமால்கள் வைத்த தன் தகரப் பெட்டியோடு தாய்வீட்டுக்கு ஒரத்தநாடு போனபோதுதான் கமருன்னிஸாவுக்கு விஷயம் பிடிபட்டது. வீடு நின்றது. நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. ஒரத்தநாடு மேற்கே இருக்கிறது. தொழுகைப் பாயை இரண்டு நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் திருப்பிப் போட வேண்டியதாயிற்று. கிழக்குப் பார்த்த வாசல் வடக்குப் பார்த்து, பிறகு மேற்கே பார்த்தது. அடுப்படி கிழக்குப் பக்கம் வந்துவிட்டது. கைக்குழந்தையும் பெட்டியுமாக ஷம்சாத் திரும்பி வந்ததும், வீடு மறுபடி திரும்பிக்கொள்ள மெனக்கெடவில்லை. அப்படியே அடுப்படியை முன்னால் வைத்துப் பின்னோக்கிக் கிழக்கே போகத் தொடங்கியது. ஷம்சாத்தின் பெட்டி இருக்கும் திசைக்குத்தான் தன் வீடு போகிறது என்று கமருன்னிஸா தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்டதால் வேகம் குறையவில்லை.

நடுவில் இருந்த வயல் வைத்தியலிங்கத்தினுடையது. அவரிடம் அதைக் குத்தகைக்கு உழுதவர் வீரையன். சங்கத்துச் செங்கொடி ஒன்றை வரப்பில் நட்டிருந்தார். குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று இன்னொரு சட்டம் வந்திருந்த சமயம் அது. வீடு வரப்பைத் தாண்டிய அன்று வைத்தியலிங்கம் குடையை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார்.

"என்னம்மா இது, வயலுக்குள்ள வீட்ட விட்டுட்டு நிக்கிறீங்க?"

"நான் எங்கங்க விட்டேன், அதுவா வருது."

"அதுவா வந்துச்சுன்னா அதையே திரும்பிப் போகச் சொல்லுங்க. நாளைக்கு எம்மனைன்னு சட்டம் பேசுவீங்க."

வரப்பில் நின்ற வீரையன் சிரித்தார். "பேசுனா என்னங்க தப்பு? குடியிருக்கிறவங்களுக்குத்தானே மனை?"

"நிக்கிற வீட்டுக்குத்தான்டா சட்டம். இது போற வீடு."

"டா எல்லாம் இப்ப வேணாங்க" என்றார் வீரையன். பிறகு கமருன்னிஸா பக்கம் திரும்பி, "அம்மா, நடவு முடிஞ்ச வயலு. கொஞ்சம் பாத்துப் போகச் சொல்லுங்க" என்றார்.

வீடு பார்த்துத்தான் போனது. முன்னால் நாற்றுகள் தலை சாய்ந்து அஸ்திவாரத்துக்கு அடியில் போயின. பின்னால் படகு தாண்டிய தாமரைத் தண்டுகள் போல நிமிர்ந்து எழுந்தன. வாய்க்கால்மேல் வீடு உட்கார்ந்திருந்த சில வாரம் மட்டும் தண்ணீர் முன்வாசல் வழியாக வந்து அடுப்படி வழியாகப் போனது. கமருன்னிஸா சாமான்களைப் பரண்மேல் ஏற்றிவைத்தாள். அந்தப் போகம் வீரையனுக்கு விளைச்சல் குறையவில்லை. மனை யாருக்கு என்ற கேள்விக்கு மேலிடத்திலிருந்து பதில் வருவதற்குள் வீடு அந்த மனையைக் கடந்துவிட்டிருந்தது.

வயலில் பாதிதான் பாக்கி என்ற நிலையில் ஷம்சாத் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கையில் அந்த மஞ்சள் சிவப்பு உருமால்.

"அக்கா, இத நீங்களே வச்சுக்குங்க. இதுக்காகத்தானேங்கறாங்க."

"யாரு சொல்றா?"

"எல்லாரும்தான்."

கமருன்னிஸா வாங்கி ஓரத்தை உருட்டிப் பார்த்தாள். நல்ல கைத்தையல். போருக்குப் பிந்தியது. தன்னுடையவற்றோடு சேர்த்து மடித்து வைத்தாள். அந்த வாரம் வீடு ஒரு சாணுக்குப் பதில் ஒரு முழம் போனது. உருமாலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தனக்கு வேண்டியது அதுவல்ல என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. ஏதோ ஒரு துறைமுகத்தில் ஒரு கடைக்குள் நின்று, இதுவா அதுவா என்று அவளை நினைத்து ஓர் ஆண் குழம்பியிருக்க வேண்டும். நாற்பது உருமாலிலும் அந்தக் குழப்பம் ஒன்றில்கூட இல்லை.

மூன்றாம் வருஷம் மீரா உசேன் விடுப்பில் வந்தார். பழைய இடத்தில் கிணறு மட்டும் நிற்பதைப் பார்த்து, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வயல் வழியே வந்து சேர்ந்தார். சாப்பிட்டு முடித்ததும் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் எழுதிக் கேட்காதது. நீலச் சதுரத்தில் வெள்ளைச் சதுரம், சுற்றிலும் சின்னக் கொடிகள், மூலையில் வரைந்தவர் கையெழுத்து. போருக்கு முந்தியது. அவள் அதைப் பிரித்து மடியில் விரித்தாள்.

"நீங்களே பாத்து எடுத்தீங்களா?"

"எனக்கென்ன தெரியும் அதப்பத்தி? தம்பி கப்பல் பினாங்குக்கு வந்துச்சு. ஷம்சாத்துக்கு எடுக்கறப்ப மச்சிக்கும் ஒண்ணு எடுடான்னேன்" என்றார் அவர் வெள்ளந்தியாக. "ஏன், நல்லால்லையா?"

"நல்லாருக்கு" என்றாள் கமருன்னிஸா. வீடு எம்பியது. அன்று ஒருநாள் மட்டும்தான் பால் தளும்பியது. வெளியே வந்து பார்த்தால், அடுப்படிச் சுவருக்கும் ஷம்சாத் வீட்டு மேற்குச் சுவருக்கும் நடுவில், இரண்டு கையையும் விரித்தால் வரும் ஒரு பாக நீளம்தான் மிச்சம். அந்தச் சுவருக்குப் பின்னால் குழந்தையின் தொட்டில் இருந்தது. சுவரின் மூலையை ஒட்டி ஷம்சாத்தின் கிணறு.

ஊருக்கு வந்திருந்த காதர் மைதீன் இரண்டு சுவருக்கும் நடுவே கையை விரித்து நின்று பார்த்தான்.

"மச்சி, கப்பல்ல இதுக்கு ஒரு கொடி உண்டு."

"என்ன கொடி?"

"மஞ்சள்லயும் செவப்புலயும் சாய்வாக் கோடு போட்டது. நங்கூரம் தரையப் பிடிக்கல, இழுபடுதுன்னு அர்த்தம்."

"அது எங்கிட்ட ஏது? உம் பொண்டாட்டிகிட்டல்ல இருக்கு" என்றாள் கமருன்னிஸா. அவன் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்த் தொட்டிலை வேறு அறைக்கு மாற்றினான். அங்கிருந்தும் ஒதுங்க வேண்டி வந்தால் அந்த வீட்டில் இன்னும் ஓர் அறைதான் பாக்கி இருந்தது. பொறாமையை விட்டுவிடும்படி பள்ளிவாசல் இமாம் சொன்னார். அவளும் முயன்றாள். ஒரு வாரம் முழுக்க முயன்று பார்த்ததில் வீடு இரண்டு சாண் போனது.

கணவரை வழியனுப்ப அவள் நாகப்பட்டினம் போனாள். அங்கே கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாமல் வெளியே கடலில் நிற்கும். ஆட்களையும் மூட்டைகளையும் பெரிய தோணிகள் கொண்டுபோய் ஏற்றும். மீரா உசேன் ஏறிய தோணி போன பிறகும் அவள் கரையைவிட்டு நகரவில்லை. முறைக்காகக் காத்திருந்த இரண்டு தோணிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அலை ஒவ்வொரு தடவையும் ஒன்றை மற்றதன்மேல் தள்ளியது. எதுவும் உடையவில்லை. நடுவில் பழைய லாரி டயர்கள் தொங்கின. தள்ளுகிற வேகத்தை டயர் வாங்கி நசுங்கியது. பிறகு கொஞ்சங் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தது. கயிறுகளை அவள் கவனித்துப் பார்த்தாள். இதன் தலைப்பிலிருந்து அதன் கடைசிக்கும், அதன் தலைப்பிலிருந்து இதன் கடைசிக்கும் பெருக்கல் குறி மாதிரிக் கட்டியிருந்தார்கள். ஒன்று முன்னால் போகப் பார்த்தால் ஒரு கயிறு இறுகியது. பின்னால் போகப் பார்த்தால் மற்றது. தோணிகளை யாரும் அசையாமல் நிறுத்தவில்லை. அசையட்டும் என்று விட்டு, அசைவுக்கு இடம் வைத்திருந்தார்கள். உச்சிவெயில் ஏறும்வரை பார்த்துவிட்டு, கீழ்வேளூர் லாரி ஷெட்டில் டயர்களைக் கேட்டு வாங்கி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

கயிறு எது என்பதில்தான் அவள் தயங்கினாள். தேங்காய்நார்க் கயிறு முரட்டுத்தனமாக நிற்கும். ஒரேயடியாக இழுத்தால் சுவர்க் கல்லைப் பெயர்த்துவிடும். கொஞ்சம் நீண்டுகொடுத்துத் திரும்பச் சுருங்குவது வேண்டும். அது பட்டு. கமருன்னிஸா மரப்பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு உருமாலையும் மூலைக்கு மூலை மடித்து, உருட்டி, முனையோடு முனை எதிரெதிர் முடிச்சாகப் போட்டாள். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு அது, தள்ளினால் அவிழும். அந்தச் சரங்களை மும்மூன்றாகச் சேர்த்து முறுக்கியதில் இரண்டு கயிறு தேறியது. பினாங்கிலிருந்து கடைசியாக வந்த நீல உருமாலைக் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அதையும் முறுக்கினாள்.

ஷம்சாத் தன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, என்னோட ஏழையும் சேத்துக்குங்க. கயிறு பலமா இருக்கும்."

"உன்னது வேணாம். உன் பெட்டியிலயே இருக்கட்டும்."

"கோவமா?"

"கோவமில்லடி. அது அங்கயே இருந்தாத்தான் வீடு எந்தப் பக்கம் இழுக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சாத்தான் கட்ட முடியும்." பிறகு, "அதுல ரெண்டு போலி" என்றும் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் ஷம்சாத். "அவங்களுக்குத்தான் தெரியாது."

அன்று மாலையே இரண்டு வீட்டுக்கும் நடுவில் டயர்களைத் தொங்கவிட்டு, கயிறுகளை இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் பெருக்கல் குறியாகக் கட்டினார்கள். மறுநாள் விடியும்போது வீடு வந்து சேர்ந்தது. டயர்கள் நசுங்கின, கயிறுகள் ஒருமுறை முனகி நீண்டு சுருங்கின, ஷம்சாத் வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு ஒரு பொட்டுக்கூட உதிரவில்லை. இராஜாங்கம் வந்து அளந்து பார்த்துவிட்டுப் பென்சிலால் எழுதியிருந்ததைப் பேனாவால் மேலெழுதினார். வைத்தியலிங்கத்துக்கு அவர் வயல் கிடைத்தது. வீரையன் பேரில் குத்தகையைப் பதிவு செய்வதும் அந்த வருஷமே நடந்து முடிந்தது. காதர் மைதீன் கப்பலிலிருந்து ஒவ்வொரு புது உருமால் கொண்டுவரும்போதும் டயர்கள் கீச்சென்று கத்தும். கமருன்னிஸா எழுந்து போய்க் கயிற்றை அரைச்சுற்றுத் தளர்த்திவிட்டு வந்து படுப்பாள். வெடித்த டயருக்குப் பதில் வேறு டயர் கேட்டால் ஊரில் யாரும் காரணம் கேட்பதில்லை.

நடுவில் நான்கு டயர், குறுக்கே இரண்டு பட்டுக் கயிறு, வீடு நிற்கிறது. அடுப்படி வாசற்படியில் நின்றபடியே கமருன்னிஸா கையை நீட்டினால் ஷம்சாத்தின் கிணற்று வாளியின் காது எட்டுகிறது.