மாயவன் கழுத்து மாலை

டிசம்பர் பதினோராம் தேதி மாயவன் கழுத்தில் போட்ட மாலையை ஐந்து மாதம் வரை கழற்ற முடியவில்லை. போட்டவர் புயல் நிவாரணத்துக்கு வந்த அதிகாரி. போட்ட இடம் கடப்பாக்கம் குப்பத்து மீன் ஏலக்கூடம். சம்பங்கியும் சிவப்பு ரோஜாவும் வைத்துக் கட்டிய சாதாரண மாலைதான். வீட்டுக்கு வந்து தலைவழியாக எடுக்கப் பார்த்தான். தாடை வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டது. மனைவி பானுமதி கத்தரிக்கோல் கொண்டுவந்தாள், கத்தரிக்கோல்தான் மழுங்கியது. மறுநாள் படகுப் பட்டறையில் ஃபைபர் அறுக்கிற மெஷினை வைத்தார்கள். மெஷின் சூடாகிப் புகைந்ததே தவிர, நாரில் ஓர் இழைகூடப் பிரியவில்லை. சுகாதார நிலையத்து டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, தோலில் புண் எதுவும் இல்லை, வழக்கம்போல் குளிக்கலாம் என்றார். பூவும் வாடவில்லை. காலையில் பறித்த பூ எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

குப்பத்துத் தலைவர் ராமதாஸுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. வீரனை மாலை விடாது என்றார். அந்த ஊரில் அதுவரை மூன்று வீரர்கள் இருந்தார்கள். பக்கத்துக் குப்பத்தோடு நடந்த வலைத் தகராறில் மண்டை உடைந்தவர் ஒருவர், கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு நான்கு நாள் மிதந்து கரை சேர்ந்தவர் ஒருவர், சாலை கேட்டு மறியல் செய்து வேலூர் ஜெயிலுக்குப் போனவர் ஒருவர். மூவர் பேரிலும் தெரு உண்டு, கைப்பந்துக் கோப்பை உண்டு, ஏலக்கூடத்தில் மீசையோடு படம் உண்டு. மாயவன் நான்காவது ஆள். புயலன்று உப்பங்கழி நடுவே இறால் பண்ணைக் கொட்டகையில் சிக்கிய பதினொரு ஒடிசாக்காரர்களைத் தன் படகில் ஏற்றிக் கரை சேர்த்தவன் என்று பேப்பரில் வந்துவிட்டது. எட்டடிச் சிலை வைப்பது என்று ஊர் கூடித் தீர்மானித்தார்கள்.

யாராவது மாயவனை வீரன் என்று சொன்னால் மாலையில் ஒரு பூ கூடியது. இதை முதலில் கவனித்தவள் பானுமதி. பொங்கலுக்கு மாலை அவன் முழங்காலைத் தொட்டது. மாசி மகத்தன்று தரையில் புரண்டது. கடலுக்குப் போனால் இரண்டு கல் தொலைவு வரை தேனீக்கள் கூடவே வந்தன. வலை இழுக்கக் குனிந்தால் மாலை தண்ணீரில் விழுந்து ஊறி, அவனையும் சேர்த்து இழுத்தது. கூட வந்தவர்கள் மரியாதையாக, நீ கரையிலேயே இரு, உன் பங்கு வீட்டுக்கு வரும் என்றார்கள். படுக்கையில் எறும்பு ஏறியது. பானுமதி பாயைத் தனியாகப் போட்டுக்கொண்டாள்.

நடந்தது என்னவென்று மாயவனுக்குத் தெரியும். புயலன்று படகை இன்னொரு கயிறு போட்டுக் கட்டத்தான் அவன் போனான். காற்று நிற்கவிடவில்லை. இடிந்த ஆலம்பரைக் கோட்டைச் சுவருக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு படுத்துவிட்டான். சுவரில் இருந்த ஓட்டை வழியாகப் பார்த்தபோது தன் படகு போய்க்கொண்டிருந்தது. யூரியா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெண் கோல் ஊன்றிப் போனாள். காலனியைச் சேர்ந்த ரெஜினா. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை பார்ப்பவள். பள்ளிக்கூடம் போகிற வயதில் தாயோடு கழியில் இறங்கி, கையால் தடவி இறால் பிடித்தவள் என்பதால் எங்கே இடுப்பளவு, எங்கே ஆளை முழுங்கும் பள்ளம் என்று அவள் காலுக்குத் தெரியும். மூன்று நடை போய் வந்தாள். மூன்றாவது நடையில்தான் மாயவன் எழுந்து வந்தான். "அண்ணே, சொல்லாம எடுத்துட்டேன், கோச்சிக்காத. பொண்ணு வூட்ல தனியா கீது," என்று கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டு, கழியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். அரை மணி கழித்து ஜீப் வந்தது. பதினொரு பேர் நனைந்து நடுங்க, நடுவில் மாயவன் கயிற்றோடு நின்றான். அவர்களில் ஒருவன் கழியின் அந்தக் கரையைக் காட்டி அவன் மொழியில் நெடுநேரம் பேசினான். யாருக்கும் புரியவில்லை. மறுநாள் அவர்கள் எல்லோரும் ஊருக்கு ரயில் ஏறிவிட்டார்கள். மாயவன் இல்லையென்று சொல்லவில்லை. அந்த ஒரு நிமிடம் போய்விட்ட பிறகு, சொல்வதற்கு வேறு நிமிடம் கிடைக்கவில்லை.

பங்குனியில் ஒருநாள் அவன் ராமதாஸிடம் போய், "அண்ணாத்த, படக நான் ஓட்டல," என்றான்.

"தெரியும்," என்றார் ராமதாஸ்.

மாயவன் நிமிர்ந்து பார்த்தான்.

"காலனிப் பசங்க அன்னிக்கே பேசிக்கினாங்க. அதுக்கு இன்னா இப்போ? படகு நம்முது. புயல்ல படகு போச்சுன்னா அது குப்பத்துப் பேரு. சிமென்ட் வாங்கியாச்சு, பீடம் கட்டியாச்சு. நீ ஊர் மானத்த பேஜாரு பண்ணாத, வீரன் மாரி நில்லு."

அந்தச் சொல்லுக்கும் ஒரு பூ கூடியது.

இதற்கு இரண்டு நாள் கழித்து, காலனியில் மீன் விற்றுவிட்டு வந்த பானுமதி கூடையை இறக்காமலே ஒரு செய்தி சொன்னாள். ரெஜினாவின் மகள் ஜெனிஃபர் ஆறாம் வகுப்பு. பள்ளியில் 'நான் போற்றும் தலைவர்' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவள் அம்மாவைப் பற்றி எழுதி, சாக்கு, கோல், மூன்று நடை எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. பேப்பரில் வந்ததற்கு மாறாகப் பொய் எழுதக்கூடாது என்று கட்டுரையை அடித்துக் கொடுத்துவிட்டார்கள். நாலு நாளாக அந்தப் பெண் பள்ளிக்குப் போகவில்லை. "இத கழுத்துல போட்டுகினு நீ துன்றது எப்டி உள்ள எறங்குது?" என்று பானுமதி கேட்டாள். அன்று மாயவன் சாப்பிடவில்லை.

மறுநாள் சாயங்காலம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தான். மாலையை மூன்று சுற்றாக மடித்துத் தோளில் போட்டிருந்தான். ரெஜினா டிபன் பையோடு இறங்கினாள்.

"தங்கச்சி, இது உன்னுது. எப்டியாவது வாங்கிக்க."

அவள் மாலையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "எனக்கு இன்னாத்துக்கு அண்ணே? இத மாட்டிகினா கேண்டீன்ல உள்ளயே வுடமாட்டான்."

"பின்ன நான் இன்னா பண்றது?"

"மாலைய எங்கிட்ட குடுத்துட்டு கம்முனு போயிடலாம்னு பாக்குற. மாலை போட்டன்னிக்கு மைக்ல சொன்னாங்கல்ல, அதே மைக்ல சொல்லு. எம் பொண்ணு கேக்கணும். அவ பொய் எழுதல."

"ஊர்ல என்ன சேக்கமாட்டாங்க."

"அன்னிக்கு தண்ணியில எறங்கசொல்லோ எனக்கு மட்டும் பயம் இல்லன்னா நெனச்ச?" என்று கேட்டுவிட்டு அவள் ரோட்டைக் கடந்து போனாள்.

சிலைத் திறப்பு மே மாதம் நான்காம் தேதி காலை பத்து மணிக்கு. பந்தல் போட்டு, சேர் அடுக்கி, வட்டாரத்துப் பெரிய மனிதர்களெல்லாம் வந்திருந்தார்கள். காலனியிலிருந்து ரெஜினாவும் ஜெனிஃபரும் வந்து பந்தலுக்கு வெளியே வேப்ப நிழலில் நின்றார்கள். சிலைக்கு மஞ்சள் துணி போர்த்தியிருந்தது. இரண்டு வார்த்தை பேச மாயவனைக் கூப்பிட்டார்கள். மாலையை இழுத்துக்கொண்டு மேடை ஏற அவனுக்கு நேரமானது. மைக்கைப் பிடித்து, சுவருக்குப் பின்னால் படுத்ததிலிருந்து கயிற்றை வாங்கியது வரை ஒன்று விடாமல் சொன்னான். காதைப் பொத்தியதையும் சொன்னான். "ஆறாம் கிளாஸ் ஜெனிஃபர் எழுதுனதுதான் நெசம். பேப்பர்ல வந்தது பொய். நான்தான் பொய்," என்று முடித்தான்.

மாலை அப்போதும் விழவில்லை. ஆனால் எடை போய்விட்டது. காற்றில் துணிபோல் அசைந்தது. கூட்டம் கலைந்தது. ராமதாஸ் யார் முகத்தையும் பார்க்காமல் போனார். யாரோ மஞ்சள் துணியை இழுத்துப் பார்த்தபோது சிலைக்கு முகம் இல்லை. கண், மூக்கு, மீசை இருந்த இடமெல்லாம் பூசி வழித்த சிமென்ட் மட்டும் இருந்தது. சிலை செய்தவர் போன வாரம்கூட மீசை வைத்தேன் என்று சத்தியம் செய்தார்.

மாயவன் காலனிக்கு நடந்தான். பின்னால் பானுமதி வந்தாள். ரெஜினா வீட்டு வாசலில் குழாய்த் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மாலை சேற்றில் படப்போகிறதே என்று ஜெனிஃபர் ஓடிவந்து நுனியைத் தூக்கினாள். அவ்வளவுதான், முழு மாலையும் மாயவன் தலைவழியாக வழுக்கி அவள் கைக்கு வந்துவிட்டது. மாயவன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்து அழுதான். ரெஜினா ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"இத இன்னாம்மா பண்றது?" என்று ஜெனிஃபர் கேட்டாள்.

ரெஜினா அரிவாள்மனையை எடுத்து முழம் முழமாக அறுத்தாள். கீரை மாதிரி அறுந்தது. அன்று காலனியில் எல்லாப் பெண்களும் பூ வைத்துக்கொண்டார்கள். பானுமதியும் கூடை நிறைய எடுத்துப் போய்க் குப்பத்தில் கொடுத்தாள். முதல் வீட்டில் வாங்கவில்லை, இரண்டாவது வீட்டில் வாங்கினார்கள். மறுநாள் காலையில் ரெஜினா வீட்டுத் துணிக்கொடியில் மாலை பழைய நீளத்துக்கே தொங்கியது.

மாயவனோடு ஊர் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு பேசியது. லீவு முடிந்து ஜெனிஃபர் பள்ளிக்குப் போனாள். கட்டுரையில் அடித்த கோட்டுக்குப் பக்கத்தில் பச்சை மையில் 'சரி' என்று எழுதிக் கொடுத்தார்கள். முகமில்லாத சிலையை எடுத்துவிட்டுப் பீடத்தில் நெத்திலி காயப்போடுகிறார்கள். அக்டோபரில் புயல் எச்சரிக்கை வந்தபோது ராமதாஸ் முதல்முறையாகக் காலனித் தெருவுக்குள் நடந்து போய், ரெஜினா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "எங்க பசங்களுக்குக் கடல் தெரியும், கழி தெரியாதும்மா. எங்கெங்க பள்ளம்னு காட்டிக்குடு," என்று கேட்டார். அவள் சனிக்கிழமை லீவு போட்டுக் காட்டினாள். இருபது பேர் இடுப்பளவுத் தண்ணீரில் அவள் பின்னால் வரிசையாக நடந்தார்கள். மாயவன் மூன்றாவதாகப் போனான்.

மதுராந்தகத்திலிருந்து மொபெட்டில் பூ கொண்டுவருகிறவர் இப்போது கடப்பாக்கத்தில் வியாபாரத்துக்கு நிற்பதில்லை, நேராக மரக்காணம் போய்விடுகிறார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் காலனிப் பக்கம் வண்டியைத் திருப்பி, தன் வீட்டுக்காரிக்கு ஒரு முழம் அறுத்து வாங்கிக்கொண்டு போகிறார்.