மூச்சுக்கு அசைந்த உண்ணிகள்

சுவிட்சர்லாந்தில் சூக் நகருக்கு வெளியே இருந்த ஓர் ஆய்வுகூடத்தில் பரமேஸ்வரிக்குத் தரை துடைக்கிற வேலை. யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் விலங்கியல் படிப்பித்தவள். இங்கே அதை யாரும் கேட்கவில்லை. 1986இல் அகதியாக வந்து இறங்கியவள், தானாகச் சொல்லிக்கொண்டு திரியவுமில்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மாட்டு உண்ணிகள் பஞ்சடைத்த கண்ணாடிக் குழாய்களில் அங்கே வந்து சேரும். ஒரு மாவட்டத்து மாட்டுக்காரர்கள் முறையிட்டிருந்தார்கள். வாரந்தோறும் மாடுகளை மருந்துத் தொட்டியில் இறக்கி நனைத்தும் உண்ணி சாகவில்லையாம். அது கடித்துக் காய்ச்சல் கண்டு கன்றுகள் செத்துக்கொண்டே இருக்கின்றனவாம். தண்ணீரைக் கூட்டிக் கலந்துவிட்டு மருந்தைக் குறை சொல்கிறார்கள் என்று பொறுப்பாளர் டொக்டர் அம்ஸ்டுட்ஸ் நினைத்தார். குஞ்சு உண்ணிகளை மருந்து தோய்த்த காகித உறைகளில் ஒரு நாள் அடைத்து வைத்துப் பார்த்தார்கள். உதவியாளர் ஊர்ஸ் எண்ணியதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் செத்திருந்தன. டொக்டர் அம்மாவின் நினைப்பு உறுதியாகிவிட்டது.

அன்று பின்னேரம், எண்ணி முடித்துத் திறந்தபடி கிடந்த அந்த உறைகளை எரிப்பதற்காக, அவை இருந்த தட்டை எடுக்கப் பரமேஸ்வரி குனிந்தாள். அவளுடைய மூச்சு பட்டதும், செத்தவை என்று கிடந்தவற்றில் ஒன்று முன்கால்களைத் தூக்கியது. பிறகு பக்கத்தில் இன்னொன்று. அவள் வேண்டுமென்றே மெல்ல ஊதினாள். உறை முழுக்கக் கால்கள்.

மாடு கிட்ட வருவதை உண்ணி அதன் மூச்சிலிருந்துதான் அறியும். மூச்சுப் படாவிட்டால் அசையாமல் கிடக்கும். இது அவள் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்த பாடம்.

ஊர்ஸிடம் சொன்னாள். "அது உங்கள் வேலை இல்லை," என்றான் அவன்.

அவள் தட்டோடு நின்றாள். அகதி விசாரணை அறையில் ஓர் அதிகாரி தன்னிடம் ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டு, மூன்று தரமும் நம்பாத முகத்தோடு எழுதிக்கொண்டது நினைவில் வந்தது. கண்காணாத அந்த மாட்டுக்காரர்களுக்கும் இப்போது அதே கதிதான். நேரே டொக்டரின் அறைக் கதவைத் தட்டினாள்.

"இது சாகவில்லை," என்றாள், தெரிந்த ஜெர்மனில். "நீங்கள் ஊதிப் பாருங்கோ."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஊதினார். கால்கள் எழுந்தன. "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் விலங்கியல் ஆசிரியை."

புதிதாக உறைகள் போட்டார்கள். மறுநாள் டொக்டர் எண்ணும் வேலையை அவளிடமே கொடுத்தார். நூற்றுக்கு அறுபத்தொன்று உயிரோடிருந்தன. மருந்தை இரட்டிப்பாக்கியும் நாற்பது பிழைத்தன. குறை மருந்தைக் கலந்த விதத்தில் இல்லை; உண்ணிதான் அதற்குப் பழகிவிட்டது.

"அந்த மனிதர்களிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்," என்றார் டொக்டர். கேட்டு எழுதவும் செய்தார். வேறு வகை மருந்து அனுப்பப்பட்டது. நான்கு மாதம் கழித்து அங்குள்ள கால்நடை வைத்தியரின் கடிதம் வந்தது: இந்தப் பருவத்துக் கன்றுகள் உயிரோடு நிற்கின்றன, மருந்து கலக்கும் தொட்டிக்காரர்கள் தலை நிமிர்ந்து நடக்கிறார்கள்.

அதற்குள் பரமேஸ்வரிக்கு எண்ணும் மேசையில் நிரந்தர இடம் கிடைத்திருந்தது. ஊர்ஸும் இப்போது ஊதிப் பார்த்துத்தான் எண்ணினான்.

அந்த உண்ணிச் சோதனையின் அச்சான அறிக்கையை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். உணவகத்துச் சமையலறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த கணவர் பாலேந்திரன், கையைத் துடைத்துவிட்டு அதை வாங்கி, கடைசிப் பக்கத்தில் விரல் வைத்து எழுத்துக் கூட்டினார்.

"எண்ணியவர், பரமேஸ்வரி பாலேந்திரன், விலங்கியல் பட்டதாரி." நிமிர்ந்து பார்த்தார். "இஞ்சேர், பட்டதாரி எண்டும் போட்டிருக்கினம்."

"ஓம். நான்தான் போடச் சொன்னனான்," என்றாள் அவள்.