முதல் வெள்ளிப் புகை

...இந்தச் சொட்டிலும் நீந்துகிறதே, நுண்ணோக்கியில் தகட்டை மாற்றி வைத்தால் அதிலும், வாலை ஆட்டிக்கொண்டு சிவப்பணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு... ஊசி போட்ட எலி, போடாத எலி, இரண்டின் ரத்தத்திலும் அதே கூட்டம், இது மூன்றாவது மருந்து, மூன்றும் மண்ணாய்ப் போயிற்று, பாழாய்ப்போன ஒட்டுண்ணியே, உனக்கு வேறு வேலையே கிடையாதா? கீழே முற்றத்தில் கரி எரிகிற வாசனை, இன்று மாதத்தின் முதல் வெள்ளி, பூமித்தாய்க்குப் புகை போட்டாக வேண்டும், கோச்சபம்பா ஊரில் அதில்லாமல் கடையே திறக்க மாட்டார்கள், எங்கள் ஆய்வகம் மட்டும் விதிவிலக்கா? ஃபெர்மின் அண்ணன் வந்திருப்பான், தெருவிலிருந்து முற்றத்துக்கு ஏறுகிற படிகளில் நாலு படிக்கு ஒருதரம் நெஞ்சைப் பிடித்து நின்று, சிச்சாக் குடுவையோடு... சோளக் கள்ளில் முதல் வாய் மண்ணுக்கு, அதை ஊற்றுவது தான்தான் என்று அவனே எடுத்துக்கொண்ட உரிமை. என் தங்கச்சி செல்சா எனக்கு ஊசி கண்டுபிடிக்கிறா என்று சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான்.

சொல்லியிருக்க வேண்டாமா நான்? இது சாகாஸ் நோய் வராதவர்களுக்கு வராமல் காக்கிற ஊசி அண்ணே, சின்ன வயதிலேயே உன் நெஞ்சில் குடியேறியதை ஒன்றும் செய்யாது என்று... வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும், எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அணைதான். ஒரே மண்வீடு, ஒரே கட்டில், எனக்குப் பயமென்று சுவர்ப் பக்கம் அவன் படுத்துக்கொண்டான், வெடிப்பிலிருந்து இறங்கிய வின்சுக்காப் பூச்சி கடித்ததும் அவனைத்தான். இப்போது இதயம் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தே தூங்குகிறான். எத்தனை மாதமாக நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போகிறது இந்தப் பேச்சு, இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும், எழுந்திரு, இறங்கு...

"என்னடி, மூஞ்சி செத்த எலி மாதிரி இருக்கு? இதுவும் ஊத்திக்கிச்சா?"

"ஆமாண்ணே."

சிரித்தான், சிரிப்பு இருமலாயிற்று, புகைக்கு எதிர்ப்பக்கம் அவனை நகர்த்தி உட்காரவைத்தேன், முதுகு எலும்பெல்லாம் கையில் தட்டுப்பட்டது, எப்போது இப்படி இளைத்தான்? சொல், இப்போதே... "அண்ணே, அந்த ஊசி வந்தாலும் உனக்கு..."

"ஆகாது. ஆஸ்பத்திரி டாக்டர் போன வருஷமே சொல்லிட்டாரு. நீ ஏன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்ற, இங்க மூச்சு இல்லாதவன் நான்தானே?"

போன வருஷமேவா? அப்படியானால் போன மாதம், அதற்கு முந்தின மாதம், மழையில் நனைந்துகொண்டு வந்தது, சந்தையில் பீற்றிக்கொண்டது, எல்லாம்... "பின்ன எதுக்குண்ணே மாசாமாசம் படியேறி வர்ற?"

"நீ வெறுத்துப்போய் இந்த வேலைய விட்டுட்டுப் போயிடுவியோன்னுதான். என் மக யோலா இன்னும் அந்த மண்வீட்லதானடி படுக்குறா."

அழுகை வந்துவிட்டது, புகை என்று கண்ணைத் துடைத்தேன், அவன் நம்பவில்லை, நம்பாமலே இருக்கட்டும். நான் அவனிடம் மறைத்தேன் என்று எத்தனை இரவு புரண்டிருப்பேன், இவனோ எல்லாம் தெரிந்துகொண்டு என்னைத் தேற்ற வந்திருக்கிறான், அந்த நெஞ்சோடு... அவன் குடுவையை என் பக்கம் நீட்டினான்.

"இந்தா, இன்னைக்கு நீ ஊத்து. பழகிக்க."

எதற்குப் பழக வேண்டுமாம்... வாங்கி, முதல் வாயை மண்ணுக்கு ஊற்றினேன்.