நகராட்சியைக் கரையேற்றிய கயிறு

ஒரு நகராட்சியைக் கயிறு கட்டி இழுத்து, எங்கள் சவேரியார்துறையின் கிழக்குத் தெருவில் கடைசி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியவன் நான். சும்மா இல்லை, ஆணையர், பொறியாளர், டிரைவர் எல்லோரும் உள்ளே உட்கார்ந்திருக்க, மொத்தமாக இழுத்தேன். உச்சிப்புளியிலிருந்து கிளம்பிய கடற்படை ஹெலிகாப்டர்கூட ஆகாயத்தில் அப்படியே நின்று வேடிக்கை பார்த்தது.

இதை யாரும் நம்புவதில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. ஆனால் அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருந்த இருளாண்டியும் நம்பவில்லையென்றால் மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

"ஏலே வியாகுலம், நீ வாயத் தொறந்தா கடலு ரெண்டு அடி உள்வாங்குதுடா" என்றே சொல்லிவந்தான். "நான் கியரப் போட்டு ஓட்டிட்டுப் போனேன். என் வண்டிய எவனும் கயிறு கட்டி இழுத்ததில்ல."

அவனுக்கு அது மானப் பிரச்சினை. சாயல்குடிப் பக்கம் மிளகாய்க் காட்டுச் சம்சாரி வீட்டில் பிறந்தவன். சாயல்குடி ராமேஸ்வரம் வண்டியில் அவன் டிரைவர், நான் கண்டக்டர். பாதி ஆயுசை விசிலிலேயே பேசிக் கழித்தோம். ஒற்றை விசில் கொடுத்தால் நிற்பான், இரட்டை கொடுத்தால் கிளம்புவான். பாம்பன் பாலத்தில் அடித்த காற்றில் பஸ்ஸின் நாலு சக்கரமும் அந்தரத்தில் நின்றபோதுகூட நான் இரட்டை விசில் கொடுத்தேன், அவன் காற்றிலேயே ஓட்டிக் கரை சேர்த்தான். (இதையும் இல்லை என்பான்.) ஓய்வு பெற்ற பிறகு அவன் ஒப்பந்த அடிப்படையில் நகராட்சி ஜீப்புக்கு டிரைவரானான். நான் கரைவலைக்கு விசில்காரனானேன்.

கரைவலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வள்ளத்தில் வலையை ஏற்றிக் கடலுக்குள் அரைவட்டமாக விட்டு வருவார்கள். வலையின் இரண்டு கயிறுகளும் கரையில் இருக்கும். ஆளுக்கொரு பக்கமாக இரண்டு கூட்டம் நின்று இழுக்கும். இரண்டும் ஒன்றுபோல இழுத்தால்தான் மீன் சேர்கிற மடி நேராகக் கரைக்கு வரும். அதற்குத்தான் என் விசில். எங்கள் ஊரில் இதற்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. கயிற்றில் கை வைத்தவர் மடி கரையேறாமல் கையை எடுக்கக் கூடாது. கரையேறியது எதுவானாலும், கை வைத்த எல்லோருக்கும் அதில் பங்கு.

இப்போது நகராட்சிக்கு வருவோம். சுற்றியிருந்த ஊராட்சிகளையெல்லாம் சேர்த்து நகராட்சி எல்லையை விரிக்கப்போவதாகப் பேச்சு வந்தது. எங்கள் ஊரும் அதில் இருந்தது. அதாவது, பாதி ஊர் இருந்தது. கோயிலும் மேற்குத் தெருவும் உள்ளே. மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிழக்குத் தெரு வெளியே. ஏன் என்று கேட்டால் காரணம் ரொம்பச் சுலபம். தார் ரோடு கோயிலோடு முடிகிறது. வருகிற அதிகாரிகளின் ஜீப்பெல்லாம் அங்கேயே திரும்பிவிடும். ஜீப் நின்ற இடத்தில் ஊரும் முடிந்துவிட்டதாக நினைத்துக் கோட்டைப் போட்டுவிட்டார்கள்.

கிழக்குத் தெருவின் கடைசி வீடு ஜோதிமேரியுடையது. புருஷன் கடலோடு போனவன். அவள் விடியுமுன் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ் ஏறி, அந்த நகராட்சி மார்க்கெட்டில்தான் போய் விற்பாள். குடிதண்ணீருக்கு மணலில் ஊத்துத் தோண்டி, ஊற ஊறச் சிரட்டையால் மோந்து குடம் நிரப்ப வேண்டும். மேற்குத் தெருவுக்குக் குழாய் வரும், தனக்கு இந்தச் சிரட்டைதான் என்று தெரிந்ததும் கோயில் முற்றத்து ஊர்க்கூட்டத்துக்கு வந்து நின்றாள்.

"நகராட்சிக்கு மீன்கொழம்பு ஊத்துறவ நானு. எனக்குத் தண்ணி ஊத்த அந்த நகராட்சிக்கு வலிக்குதா?" என்றாள்.

கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. "நகராட்சின்னா வரி ஏறும்" என்றார் ஒருவர். "நூறு நாள் வேலை போயிரும்" என்றாள் இன்னொருத்தி. இரண்டும் நியாயமான பேச்சுதான். கடைசியில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஆன்டனி ராஜ் எழுந்தார்.

"போனா ரெண்டு தெருவும் போவோம். இல்லாட்டி ரெண்டு தெருவும் சிரட்டையப் பிடிப்போம். ஒத்தக் கயித்த இழுத்து எவனாச்சும் மடிய ஏத்திருக்கானா?"

மேற்குத் தெரு மொத்தமும் கை தூக்கியது. நான் மேற்குத் தெருக்காரன். வீட்டுக்குள் குழாய் வரப்போகிறது என்று ஆசையாக இருந்த என் வீட்டுக்காரி ரெஜினாதான் முதல் கை. இந்த இடத்தில் மட்டும் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

ஆணையர் உமாமகேஸ்வரி கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டு அறிக்கை அனுப்ப வந்தார். சின்ன வயசு, சுறுசுறுப்பான பெண். கோயில் முன்னால் இறங்கி எங்கள் மனுவை வாங்கிக்கொண்டார். "கிழக்குத் தெருவையும் வந்து பாருங்க" என்றோம். கூட வந்த பொறியாளர் கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இங்க வரைக்கும்தான் மேடம் குடியிருப்பு. அங்கிட்டு வெறும் மணல், நாலு குடிசை. வண்டி போகாது."

போகாதுதான். ஆனால் திரும்பவும் இல்லை. இருவரும் ஏறி உட்கார்ந்தபின் இருளாண்டி ஜீப்பை வளைத்தபோது சக்கரம் தாரைவிட்டு இறங்கி அச்சு வரைக்கும் மணலில் புதைந்தது. ஒரு ஆள் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவன் முறுக்க முறுக்க வண்டி எங்கள் ஊரைத் தோண்டிக்கொண்டு உள்ளே போனது.

"ஏலே இருளாண்டி, கெணறா வெட்டுற? தண்ணி வந்தாச் சொல்லு, கொடத்தோட வாரோம்" என்றேன்.

"நீ பொத்திட்டு நில்லு" என்றான். காதெல்லாம் சிவந்துவிட்டது.

அப்போதுதான் கரைவலை இழுத்து முடித்து ஆட்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஆன்டனி ராஜ் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து ஜீப்பின் முன்கொக்கியில் கட்டினார். ஜீப்பின் மூக்கு கிழக்கே பார்த்திருந்தது. ஆகவே கிழக்கே பார்த்துத்தான் இழுக்க வேண்டும். பள்ளத்திலிருந்து ஏறியதும் நிறுத்திவிட்டால் போதும், பிறகு தள்ளித் திருப்பிவிடலாம் என்று ஏற்பாடு. ஆணையர் இறங்கப் பார்த்தார். "நீங்க உக்காருங்க தாயி, பூ மாதிரித் தூக்கிருவோம்" என்றார்கள் பெண்கள்.

இரண்டு தெருவும் கயிற்றில் கை வைத்தது. முன்னால் ஜோதிமேரி. இருளாண்டி கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான். நான் இரட்டை விசில் கொடுத்தேன். ஏலேலோ என்று ஒரு சத்தம் கிளம்பியது பாருங்கள், தங்கச்சிமடத்தில் கட்டியிருந்த விசைப்படகெல்லாம் தானாக ஸ்டார்ட் ஆகிவிட்டதாம். ஜீப் பள்ளத்திலிருந்து துள்ளி மேலே வந்தது.

இப்போது நான் ஒற்றை விசில் கொடுக்க வேண்டும். விசில் வாயில்தான் இருந்தது. ஜோதிமேரி கயிற்றை விடாமல் தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள். அவள் முகத்துக்குப் பின்னால் மணல் மேடு தெரிந்தது.

இரட்டை விசில் கொடுத்தேன்.

அவ்வளவுதான். கை வைத்தவர்கள் கையை எடுக்க மாட்டார்கள், மடி இன்னும் கரையேறவில்லையே. உள்ளே இருப்பவன் பிரேக் போட்டிருந்தால் நகராட்சி அங்கேயே நின்றிருக்கும். ஆனால் காதில் விழுந்தது இரட்டை விசில், அதுவும் என் விசில். அந்தக் கால் எப்படிப் பிரேக்குக்குப் போகும்?

"டிரைவர், நிறுத்துங்க!" என்று பொறியாளர் கத்தினார். இருளாண்டி பாதையைப் பார்த்து ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டிருந்தான். மணல் மேட்டில் ஏறி, பனைகளுக்கு நடுவில் புகுந்து, காய்ந்துகொண்டிருந்த கருவாட்டைச் சுற்றி, 'நகராட்சி' என்று எழுதிய ஜீப் திருவிழாச் சப்பரம் மாதிரிக் கிழக்குத் தெருவில் பவனி வந்தது. ஆணையர் முதலில் கம்பியைப் பிடித்திருந்தார். பாதி வழியில் கம்பியை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் பார்க்க ஆரம்பித்தார். நாலு குடிசை என்றார்களே, தெரு வந்துகொண்டே இருந்தது.

ஜோதிமேரியின் வாசலில் ஒற்றை விசில் கொடுத்தேன். பிரேக் நச்சென்று விழுந்தது.

ஆணையர் இறங்கினார். கோபப்படுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் புடவையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்களேன்" என்றார்.

"இருங்க தாயி, ஊறணும்" என்றாள் ஜோதிமேரி.

வீட்டுக்குப் பின்னாலிருந்த ஊத்தில் இறங்கிக் குனிந்தாள். சிரட்டையில் அரைவாய்த் தண்ணீர் சேரும்வரை ஆணையர் பள்ளத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக்கூட அந்த நேரத்தில் பொய் ஒன்றும் தோன்றவில்லை. தண்ணீர் தெளிந்ததும் வாங்கிக் குடித்தார். உப்புக் கரித்திருக்கும். முகத்தைச் சுளிக்கவில்லை.

"சரி, வண்டியத் திருப்புங்க" என்றார் பொறியாளர்.

"அதெப்படி?" என்று ஜோதிமேரி கயிற்றின்மேல் காலை வைத்தாள். "கை வச்சு இழுத்திருக்கோம், கரையேறிருச்சு. எங்க பங்க வச்சிட்டுல்ல போகணும்?"

"ஜீப்ப எப்படிம்மா பங்கு போடுறது?" என்றார் ஆணையர்.

"இந்தத் தகரம் யாருக்கு வேணும் தாயி? அதுல நகராட்சின்னு எழுதியிருக்குல்ல, அதுல பங்கு குடுங்க. மேக்குத் தெருவுக்கு எம்புட்டோ, அம்புட்டு எங்களுக்கும். கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

ஆணையர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, பொறியாளரைக் கூட்டிக்கொண்டு தெருவின் கடைசி வரைக்கும் நடந்து போனார். திரும்பும்போது செருப்பைக் கையில் வைத்திருந்தார்.

அரசாணை வந்தபோது இரண்டு தெருவும் உள்ளே இருந்தது. போன மாதம் ரோடும் குழாயும் வந்தன. அதே வாரத்தில் கிழக்குத் தெருவுக்கு அப்பால் 'நகராட்சி எல்லை' என்று பலகை நட்டார்கள். அதற்குப் பக்கத்தில் நின்று நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வந்திருந்த நகராட்சி ஊழியர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜோதிமேரி சொல்லியும் நம்பவில்லை, ஊரே சேர்ந்து அவிழ்த்துவிடுகிறது என்றார்கள். பொறியாளர் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தார். ஆணையரைக் கேட்டால் சிரித்துக்கொண்டே, "டிரைவரக் கேளுங்க, அவர் ஓட்டிட்டு வந்ததாத்தான் சொல்றார்" என்றுவிட்டார்.

புது ரோட்டில் ஜீப் தயாராக நின்றது. இருளாண்டி எஞ்சினைப் போட்டுவிட்டு, முன்னால் பார்த்தபடி ஆணையருக்காகக் காத்திருந்தான்.

"இழுக்கவே இல்ல. கியர்லதான் போனேன்" என்றான், தலையைத் திருப்பாமலே.

சட்டைப்பையிலிருந்து எடுத்து, வாயில் வைத்து, இரட்டை விசில் கொடுத்தேன்.

ஜீப் கிளம்பிவிட்டது. ஆணையர் ரோட்டில் நிற்கிறார், கதவு திறந்து கிடக்கிறது, வண்டி கோயிலைப் பார்த்துப் போகிறது. கிழக்குத் தெருவே கைகொட்டிச் சிரித்தது. ஒற்றை விசில் கொடுத்தேன். நச்சென்று நின்றது.

இருளாண்டி இறங்கி நடந்து வந்தான். எல்லோரையும் பார்த்தான். புதுப் பலகையைப் பார்த்தான். வாசல் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஜோதிமேரியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"நடந்துச்சுய்யா. கயிறு கட்டித்தான் இழுத்தாங்க. இந்தப் பய விசிலு குடுத்தான், என் காலு பிரேக்குக்குப் போகல" என்றான் ஊழியர்களிடம். என்னை ஒரு முறை முறைத்துவிட்டுச் சொன்னான்: "அந்த ஹெலிகாப்டரும் சித்த நேரம் நின்ன மாதிரித்தான் இருந்துச்சு."